வன்னி வெக்கைக்குள்ள தொட்டியில மட்டி வளர்க்கிறது எப்பிடி

களப்பில அள்ளின மட்டியை உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள விட்டா வளருமோ எண்டு போன மாசம் மட்டும் மூண்டு பேர் கேட்டிட்டினம், அதில ஒரு அண்ணை கேக்கேக்கயே ஒரு சொப்பின் பை நிறைய மட்டியோடதான் வாசல்ல நிண்டவர். வளராது. கறிக்கு அள்ளுற மட்டி மணலுக்குள்ள சேத்துக்குள்ள புதைஞ்சு கிடந்து, தண்ணியை உறிஞ்சி வடிச்சு அதில மிதக்கிற நுண்பாசியைத் தின்னுற சாதி. களப்புத் தண்ணி பச்சையாக் கலங்கிக் கிடக்குதே, அந்தக் கலக்கம்தான் அதுக்குச் சோறு. நாங்கள் எண்டா தொட்டித் தண்ணியைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கப் பாக்கிறம், அதுக்குள்ள அது பட்டினி கிடந்து சாகும், சாகிறது கூட மணலுக்குள்ளதான், ஒண்டும் தெரியாது, மணம் வரேக்கதான் விளங்கும், அதுக்குள்ள மீனும் சரிஞ்சிடும். கடையில சிவப்பா, ஓரத்தில மின்னல் வெட்டுற மாதிரி மினுங்கிற ஒரு சிப்பி விப்பினம், அதுவும் இதே கதைதான், வடிவைப் பாத்து ஏமாந்திடாதேங்கோ. அண்ணையின்ர பை அண்டைக்கே கறிச்சட்டிக்குப் போட்டுது, எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது.

நான் சொல்லுற மட்டி வேற. ட்ரைடாக்னா எண்டுற ராட்சத மட்டிக் குடும்பம். அதில பெரிய ஆள் கிகாஸ், ஒரு மீற்றரைத் தாண்டும், 200 கிலோவுக்கு மேல நிறை போகும், அதைப் பற்றி வீட்டில கதைக்கவே தேவையில்லை. இதுகளின்ர விசேசம் என்னெண்டா ஓட்டுக்கு வெளியில விரிச்சுக் காட்டுற அந்த நீலம், பச்சை, மண்ணிறத் தோல் இருக்குதே, அதுக்குள்ள கோடிக்கணக்கில நுண்பாசி குடியிருக்கு. வெளிச்சம் பட அந்தப் பாசி சாப்பாடு செய்யும், மட்டி அதை வாங்கித் தின்னும். தன்ர உடம்புக்குள்ளயே வயல் விதைச்சு வச்சிருக்கிற சீவன் எண்டு வையுங்கோ. அதால சாப்பாடு போடுற கரைச்சல் பெரிசா இல்லை, ஆனா வயலுக்கு என்ன வேணுமோ அதெல்லாம் வேணும், வெளிச்சம், நல்ல தண்ணி, கொஞ்சம் பசளை, அளவான சூடு. புத்தகங்களில பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமா இருக்கும், எங்கட பக்கத்துக்கு அது ரெண்டாவது பிரச்சினை. முதலாவது வெக்கை.

என்ர தொட்டி ரெண்டரை அடி நீளம், ஒண்டரை அடி அகலம், உயரம் ஒண்டேகால் அடிதான். கணக்குக்கு 130 லீட்டர் வரும், கல்லும் மணலும் போக 110 நிக்கும். உயரம் குறைச்சு அகலம் கூட வச்சா வெளிச்சம் அடிமட்டும் போகும், கையை விட்டு வேலை செய்யவும் லேசு. இதைவிடச் சின்னனில மட்டி வைக்காதேங்கோ, ஒரு மட்டி செத்தாலே முழுத் தொட்டியும் நஞ்சாகும். தொட்டி ஓடத் தொடங்கி ஆறு மாசமாவது போகவேணும். கல்லில ஊதா நிறத்தில சுண்ணாம்புப் பாசி படர்ந்து, கண்ணாடியில வாற மண்ணிறப் பாசி எல்லாம் வந்து அடங்கின பிறகுதான் மட்டியைப் பற்றி யோசிக்கிறது. கல்லு எண்டோண்ண கடற்கரையில போய்ப் பவளக்கல் பொறுக்கிற வேலை வேண்டாம், அது சட்டத்துக்கு மாறு, கடையில விக்கிற செயற்கைக் கல்லே காணும்.

இனித் தண்ணி. நான் புதுக்குடியிருப்புப் பக்கம், முல்லைத்தீவுக் கடல் கிட்ட, மோட்டச்சைக்கிள்ல ரெண்டு பக்கமும் 20 லீட்டர் கான் கட்டிக்கொண்டு போய் வாறனான். கடல் கிட்ட இருக்குது எண்டுபோட்டு எந்த இடத்திலயும் எப்பவும் அள்ளேலாது. நந்திக்கடல் களப்புத் தண்ணி கடலோட கலக்கிற பக்கம் கிட்டவும் போகாதேங்கோ, வள்ளங்கள் கட்டி எண்ணெய் மிதக்கிற இடமும் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில மழைத்தண்ணியும் களப்புத் தண்ணியும் விழுந்து கரையோரம் சேறாக் கிடக்கும், உப்பும் இறங்கிப் போகும். நான் ஒருக்கா மார்கழியில அள்ளி உப்பை அளக்கிற றிஃப்ராக்ரோமீற்றர்ல பாத்தன், அடர்த்தி 1.021. மட்டிக்கு வேணும் 1.025, 1.026. அதால ஆவணி, புரட்டாசியில கடல் தெளிஞ்சு நிக்கேக்கயே மாரிக்குக் காணக்கூடிய அளவு அள்ளி, நீலப் பரலுக்குள்ள மூடி, வெளிச்சம் படாம, உள்ளுக்கு ஒரு காத்து மோட்டர் ஓடவிட்டு வச்சிருக்கிறன். தொட்டிக்கு ஊத்த முதல் சீலையால வடிக்கிறது.

அடுத்த கேள்வி நெடுக வாறது, ஆனையிறவு உப்பு இவ்வளவு கிட்ட இருக்கேக்க ஏன் கடலுக்கு ஓடுறீர் எண்டு. உப்பளத்தில என்ன நடக்குது எண்டு யோசிச்சுப் பாருங்கோ, கடல் தண்ணி வெயில்ல வத்த வத்த முதல்ல கல்சியம் எல்லாம் சுண்ணாம்பாவும் ஜிப்சமாவும் அடியில படிஞ்சிடும், அதுக்குப் பிறகுதான் உப்பு பூக்கும், மக்னீசியம் எல்லாம் கடைசியில மிஞ்சுற அந்தக் கைச்ச தண்ணியோட போயிடும். நாங்கள் கறிக்குப் போடுறது வெறும் சோடியம் குளோரைட். மட்டி ஓடு கட்டுறதுக்குத் தேவையான சாமான் ஒண்டும் அதில இல்லை. கடல் தண்ணி எடுக்க வசதியில்லாத வவுனியா, மாங்குளம் ஆக்கள் அக்குவாரியத்துக்கு எண்டு விக்கிற உப்புத்தூள் வாங்கித்தான் கலக்கவேணும், விலை கையைக் கடிக்கும், வேற வழியில்லை.

உப்புத்தூள் கலக்கவும், வத்துற தண்ணியை ஈடு கட்டவும் நல்ல தண்ணி வேணும். கிணத்துத் தண்ணி வேண்டாம். கேத்தில் அடியில வெள்ளையாப் படியுது, கல்சியம்தானே, மட்டிக்கு நல்லம்தானே எண்டு ஒராள் வாதாடினவர். கல்சியம் மட்டும் எண்டாப் பறவாயில்லை, தோட்டத்துக்குப் போட்ட யூரியாவும் அதோட சேந்து வருது. ஊருக்குள்ள இருக்கிற ஆர்ஓ பிளான்ற் தண்ணி வாங்கலாம், ஆனா தண்ணியில எவ்வளவு கரைஞ்சிருக்கெண்டு காட்டுற ஒரு ரீடிஎஸ் மீற்றர் வாங்கி வச்சுக்கொள்ளுங்கோ, பெரிய விலையில்லை. 10க்குக் கீழ காட்டினாத் திறம். நான் ஒரு இடத்தில வாங்கினது 70 காட்டினது, குடிக்க அது ஒரு குறையும் இல்லாத தண்ணி, தொட்டிக்கு ஆகாது. மழைத்தண்ணி பிடிக்கிற ஆக்கள் தகரக் கூரையில பிடிக்காதேங்கோ, தகரத்தில இருந்து துத்தநாகம் கரைஞ்சு வரும்.

சரி, வெக்கை. தொட்டிக்கு 25, 26 பாகை எண்டு எல்லா இடமும் எழுதியிருக்கும். எங்கட வீட்டில சித்திரை மாசம் மத்தியானம் குசினிக்குள்ள தேங்காயெண்ணெய் தண்ணி மாதிரி நிக்கும், அந்த அறைக்குள்ள தொட்டித் தண்ணி 32 போகும். 27, 28ல ஏறி இறங்காம நிண்டா மட்டி சமாளிக்கும். 30ஐத் தாண்டிக் கன நாள் நிண்டால் உள்ளுக்கு இருக்கிற பாசியை அதுவே வெளியில தள்ளிடும், தோல் வெளிறிப்போகும். 1998லயும் 2016லயும் இலங்கைக் கடல்ல பவளப்பாறை வெளுத்தது இதே காரணத்தாலதான். அதால தொட்டி வைக்கிற இடம்தான் பாதி வேலை. தகரம், சீற் போட்ட அறை வேண்டாம், ஓட்டு வீட்டில நடு அறையில, வெளிச்சுவர் இல்லாத பக்கமாப் பாத்து வையுங்கோ. யன்னல் வெயில் இலவசம்தானே எண்டு யன்னலடியில வச்சா ஒரு கிழமையில அவிச்ச மட்டிதான்.

பிறகு பான், காத்தடிக்கிற பான். பழைய கொம்பியூட்டர்ல இருக்கிற 12 வோல்ற் பான் ரெண்டு, தண்ணிக்கு மேலால சரிவா அடிக்கிற மாதிரிப் பூட்டினா ரெண்டு, மூண்டு பாகை இறங்கும். கச்சான் அடிக்கிற மாசங்களில, சாப்பிடுற கச்சானைச் சொல்லேல்ல, காத்தை, அது காய்ஞ்ச காத்து, பான் இன்னும் திறமா வேலை செய்யும். ஆனா தண்ணி வத்தும். எனக்கு நாளைக்கு மூண்டு, நாலு லீட்டர் போகும். வத்துறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளுக்கே நிக்கும், அதால ஈடு கட்டுறது நல்ல தண்ணியாலதான், கடல் தண்ணியால இல்லை. விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, கண்ணாடியில கோடு போட்டு வச்சு அந்தக் கோடு மட்டும் விடுறது. ரெண்டு நாள் கலியாண வீட்டுக்குப் போறதெண்டாலும் வீட்டில ஒராளுக்கு இதைப் பழக்கிப்போட்டுப் போங்கோ.

இன்னொரு விசயம், இது எனக்குத் தற்செயலா விளங்கினது. லைற்றைப் பகல்ல போடவேணும் எண்டு ஒரு சட்டமும் இல்லை. மட்டிக்கு மணிக்கூடு தெரியாது. பின்னேரம் 5 மணிக்குப் போட்டு இரவு 1 மணிக்கு நூக்கிறன், எட்டு மணித்தியாலம். வெயில் சூடும் லைற் சூடும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறாது, வேலையால வந்து இருந்து பாக்கவும் வசதி. பகல்ல அறையை இருட்டாக்கி வைக்கவேணும், அவ்வளவுதான்.

கரண்ட் விசயமும் இதோடதான். 2022 பங்குனிக் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் நிண்டது ஞாபகம் இருக்கும். சூட்டுத் தண்ணியில ஒட்சிசன் குறைவு, மோட்டரும் நிண்டா மூண்டு, நாலு மணித்தியாலத்தில மீன் மேல வந்து வாயைத் திறக்கும். அண்டைக்கு மோட்டச்சைக்கிள் பற்றரியைக் கழட்டி பானுக்குக் குடுத்து, ஒரு கோப்பையால இரவிரவாத் தண்ணியை மொண்டு மொண்டு ஊத்தினனாங்கள், நானும் தம்பியும் மாறி மாறி. அடுத்த மாசமே பற்றரியில ஓடுற காத்து மோட்டர் ஒண்டும், சின்னச் சோலரும் வாங்கிட்டன். ஐஸ் போத்தல் மிதக்கவிடலாம், மூடி இறுக்கின போத்தல், ஆனா ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பாகைக்கு மேல இறக்காதேங்கோ.

எந்த மட்டி வாங்கிறது? குரோசியா 15 சென்ரிமீற்றர்தான் வளரும், சின்னத் தொட்டிக்கு அளவானது, வடிவெண்டா அதுதான் வடிவு, ஆனா வெளிச்சத்துக்குப் பேயாப் பறக்கும், மனமும் கெதியா விட்டிடும். மக்சிமா 30க்குக் கிட்ட வரும், அதுக்கும் வெளிச்சம் கனக்க வேணும். ஸ்குவமோசா 40, ஓட்டில ஓடு அடுக்கின மாதிரித் தட்டுத் தட்டா நிக்கும், நடுத்தர வெளிச்சம் காணும். டெராசா 60 மட்டும் போகும், ஆனா அதுதான் எல்லாத்திலயும் பொறுமைசாலி. முதல் மட்டி எண்டா 7, 8 சென்ரிமீற்றர் டெராசா வாங்குங்கோ எண்டுதான் நான் சொல்லுவன், நாலஞ்சு வருசத்தில தொட்டிக்கு அது பெரிசாகும் எண்டது தெரிஞ்சுகொண்டே. 5 சென்ரிமீற்றருக்குக் குறைஞ்சது மலிவா இருக்கும், வாங்காதேங்கோ, குஞ்சைக் காப்பாத்துறது கஷ்டம்.

இந்தக் குடும்பம் முழுக்க, அருகிப்போற சீவன்களின்ர வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்தின்ர ரெண்டாம் பட்டியல்ல இருக்கு, நாடு விட்டு நாடு வாறதுக்குப் பேப்பர் வேணும். கொழும்புக் கடையில வாங்கேக்க பண்ணையில வளத்ததோ, பேப்பரோட வந்ததோ எண்டு கேளுங்கோ. கேட்டு முடிச்சு, தொட்டிக்கு மேலால கையை ஒருக்கா ஆட்டுங்கோ. நிழல் விழுந்தோண்ண மட்டி சடாரெண்டு சுருங்கவேணும். கையை ஆட்ட ஆட்ட வாயைப் பிளந்துகொண்டு பேசாமக் கிடக்கிறதை அரை விலைக்குத் தந்தாலும் விட்டிட்டு வாங்கோ. ஓட்டு விளிம்பில புது வெள்ளைக் கோடு ஒண்டு தெரிஞ்சா அது வளருது எண்டு அர்த்தம்.

கொண்டு வாறதுக்கு ரெஜிபோம் பெட்டி. இரவு பஸ்ஸில ஏறினா விடிய வந்திடலாம், குளிரும் கூட. வந்தோண்ண பையை மிதக்கவிட்டு, பிறகு ஒரு வாளிக்குள்ள மாத்தி, சேலைன் ரியூப்பால தொட்டித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா ஒரு மணித்தியாலம் விடுங்கோ. அந்த நேரம் மட்டியைக் கவிட்டு அடிப்பக்கத்தை வடிவாப் பாருங்கோ, இதுதான் முக்கியம். பச்சையரிசி மணியின்ர அளவில வெள்ளையாச் சின்ன நத்தை ஒட்டியிருக்கும். பகல்ல அடியில ஒளிஞ்சிருந்து இரவில மேல ஏறி மட்டியின்ர ரத்தத்தை உறிஞ்சும், நுளம்பு மாதிரி. புதுப் பல்லுத்தேய்க்கிற பிறஸ்ஸால ஓட்டின்ர மடிப்பெல்லாம் தேய்ச்சு எடுக்கவேணும், பளிங்குப் பசை மாதிரி முட்டையும் இருக்கும், அதையும் விடாதேங்கோ. ஒரு மாசத்துக்கு ரெண்டு நாளைக்கொருக்கா இரவு லைற் நூத்த பிறகு ரோச் அடிச்சுப் பாருங்கோ. நான் 11 நத்தை எடுத்திட்டு முடிஞ்சுது எண்டு படுத்தன், ஒம்பதாம் நாள் இரவு இன்னும் நாலு, விளிம்பில வரிசையா, தோல் தொடங்கிற இடத்தில.

வைக்கிறது மணல்ல, ஒரு தட்டைக் கல்லோ பழைய ஓட்டுத் துண்டோ அடியில குடுத்து. ரெண்டு கிழமையால நூல் விட்டு அதில ஒட்டும், பிறகு இடம் மாத்தவேணும் எண்டா கல்லோடயே தூக்கலாம். இதில நான் பட்டதைச் சொல்லவேணும். என்ர முதல் மட்டி மக்சிமா, பாறையில ஒட்டியிருந்ததை அவசரத்தில பிச்சு எடுத்திட்டன். டிக் எண்டு ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். நூல் வாற இடம் அதின்ர உடம்போட சேந்தது, அது கிழிஞ்சா ஆளுக்குக் குடல் கிழிஞ்ச மாதிரி. 12 நாள் இருந்தது, நாளுக்கு நாள் வாய் பிளந்துகொண்டே போச்சுது. ஒட்டினதை எடுக்கவேணும் எண்டா பிளேட்டால, கல்லுப் பக்கமா நூலை அறுக்கிறது, இழுக்கிறதே இல்லை. தண்ணிக்கு வெளியில எடுத்திட்டுத் திரும்ப வைக்கேக்க தண்ணிக்குள்ள மெதுவா ஒரு பக்கம் சரிச்சுப் பிடிச்சா உள்ளுக்கு நிண்ட காத்து முட்டை முட்டையா வெளிய வரும், அதுக்குப் பிறகு நிமித்தி வையுங்கோ. தண்ணி ஓட்டம் அளவா, தோல் ஆடலாம், மடியக்கூடாது.

வெளிச்சம் கூடினா தோலை உள்ளுக்கு இழுத்து வச்சிருக்கும், குறைஞ்சா எட்டி எட்டி ஓட்டுக்கு வெளியில தொங்கவிடும். மீற்றர் இல்லாத ஆக்களுக்கு இதுதான் மீற்றர். புது மட்டிக்கு லைற்றைப் பாதியில தொடங்கி மூண்டு கிழமையில ஏத்துங்கோ.

தண்ணி ரெஸ்ற்றில கல்சியம் 400 தொடக்கம் 450 பிபிஎம், அல்கலினிற்றி, அதாவது பிஎச்சை ஆடாமப் பிடிக்கிற சக்தி, 8க்கும் 10 டிகேஎச்சுக்கும் இடையில, மக்னீசியம் 1300 பிபிஎம் அளவில. நைற்றேற்றைச் சுழியமாக்கப் போராடாதேங்கோ, வயலுக்குப் பசளை வேணும் எண்டு சொன்னனே, 5, 10 பிபிஎம் நிண்டாத்தான் நிறம் நிக்கும். கிழமைக்கு 15 லீட்டர் தண்ணி மாத்தினா ஒரு மட்டிக்குக் கல்சியம் பெரும்பாலும் ஈடாகும். மட்டி பெருக்கப் பெருக்க அல்கலினிற்றி விழத் தொடங்கும், அப்ப சுண்ணாம்புத் தண்ணி. ஓம், வெத்திலைக்குப் பூசுற அதே கல்சியம் ஹைட்ரொக்சைட்தான், ஆனா வெத்திலைச் சுண்ணாம்பு வேண்டாம், அதில என்னென்ன கலந்திருக்கெண்டு கடவுளுக்குத்தான் தெரியும், சுத்தமான தூள் வாங்கி நாலு லீட்டர் ஆர்ஓ தண்ணிக்கு ஒரு தேக்கரண்டி கலந்து, தெளிய விட்டு, மேல் தண்ணியை மட்டும், லைற் நூந்த நேரத்தில சொட்டுச் சொட்டா. ஒரேயடியா ஊத்தினா பிஎச் பாய்ஞ்சு எல்லாம் போகும்.

கூட விடுற மீனில கவனம். பேத்தை, கிளாத்தி, வண்ணத்துப்பூச்சி மீன், ஏஞ்சல், ஒண்டும் வேண்டாம், தோலைக் கொத்தும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தா வேற தொட்டிக்கு மாத்தி மருந்து போடுங்கோ. செப்பு கலந்த மருந்து ஒரு துளி இந்தத் தொட்டிக்குள்ள விழுந்தாலும் மட்டி போச்சுது. தோல் ஓரம் கிள்ளி விட்ட மாதிரிச் சுருண்டு கிடந்தா ஆர்ஓ தண்ணியை அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, அப்பச்சோடா கொஞ்சம் போட்டு பிஎச்சைத் தொட்டியோட சமனாக்கி, 20 தொடக்கம் 30 நிமிசம் அதுக்குள்ள வச்செடுக்கிற வைத்தியம் ஒண்டு இருக்கு. பாக்கப் பயமாத்தான் இருக்கும், என்ர மட்டி அதில தப்பினது. செத்தது எண்டு சந்தேகம் வந்தா மோந்து பாருங்கோ, கெட்ட மணம் எண்டா அந்த நிமிசமே வெளியில, அதோட பாதித் தண்ணி மாத்தவேணும்.

என்ர டெராசா இப்ப 19 சென்ரிமீற்றர், திரும்ப இடமில்லாமக் கண்ணாடியோட முட்டிக்கொண்டு நிக்குது. பெருத்தா முல்லைத்தீவுக் கடல்ல விடுவம் எண்டு தம்பி சொன்னவன், அது கூடாத வேலை, டெராசா எங்கட கடல் சாதி இல்லை, தொட்டியில இருந்த நோயும் பூச்சியும் அதோட சேந்து போகும். கிளிநொச்சியில அஞ்சடித் தொட்டி வச்சிருக்கிற ஒராளிட்டக் கதைச்சு வச்சிருக்கிறன், மழை தொடங்கி வெக்கை அடங்கக் கொண்டுபோய்க் குடுக்கிறது. காசு கதைக்கேல்ல, அவர் கேட்டது ஒண்டுதான், அடியில ஒட்டியிருக்கிற ஓட்டுத் துண்டோடயே தாங்கோ எண்டு.